வேலனின் முதல் முடியும் என் விசாவும்

1

போன கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, என் மகன் வேலன் நீச்சல் வகுப்புக்குப் போய்த் தண்ணீரில் இறங்காமலேயே வீட்டுக்கு வந்தான். துண்டு மடித்தது மடித்தபடி பைக்குள் இருந்தது. என் மனைவி ரேவதி கெஞ்சியும் கொஞ்சியும் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அன்றைக்கு வழக்கமான டீச்சர் வரவில்லை. மாற்றாக வந்தவர், முதுகில் பின்னல் தொங்க நின்ற பிள்ளையைப் பார்த்துவிட்டு, பெண் பிள்ளைகள் உடை மாற்றும் அறைக்குப் போகச் சொல்லிவிட்டார். இவன் அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் போகவில்லை. வகுப்பு முடியும்வரை சுவரோரமாக நின்றிருக்கிறான்.

அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கோபமெல்லாம் எனக்கு விசாவின் மேல்தான்.

வேலனுக்கு இன்னும் முதல் முடி இறக்கவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இங்கே விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. எங்கள் வீட்டில் பிறக்கும் பிள்ளையின் முடி சாமிக்கு நேர்ந்தது. திருத்தணி மலையில்தான் இறக்க வேண்டும், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும், ஒற்றைப்படை வயதில்தான் இறக்க வேண்டும். இந்த மூன்று 'தான்'களுக்கு நடுவில் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது என் வேலை விசா. ஒரு வயதில் முடியவில்லை. மூன்றில் முடியவில்லை. ஐந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாசி வந்தால் பையனுக்கு ஆறு பிறந்துவிடும்.

2

நான் டீசல் மெக்கானிக். திருத்தணியில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, சென்னைக்குப் பக்கத்தில் லாரி செய்யும் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவன். விடிவதற்கு முன் மின்சார ரயிலைப் பிடித்து, அரக்கோணம் வரை நின்றுகொண்டே தூங்கி, பிறகு உட்கார்ந்து தூங்கி வேலைக்குப் போன ஆசாமி. இப்போது இருப்பது ஆஸ்திரேலியாவில், மெல்பர்னிலிருந்து காரில் நாலு மணி நேரம் உள்ளே தள்ளி, கோதுமை விளையும் ஒரு சின்ன ஊரில். எந்தப் பக்கம் பார்த்தாலும் தரை தட்டையாக ஓடும். மலை என்று சொல்ல ஒரு மேடு கிடையாது. வந்த புதிதில் காலையில் ஒர்க்ஷாப் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தலையை உயர்த்திப் பார்ப்பேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. ஊரில் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் சந்தையில் நின்றாலும் கண் தானாக மலைக்குப் போகுமே, அந்தப் பழக்கம்.

என்னை இங்கே கூப்பிட்டவர் டேரில் என்கிற ஒர்க்ஷாப் முதலாளி. லாரி, டிராக்டர், அறுவடை மிஷின் எல்லாம் பழுது பார்க்கும் இடம். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று அரசாங்கத்திடம் நிரூபித்து, இந்த ஆள்தான் வேண்டும் என்று என் பெயரைக் குறித்து விசா வாங்கினார். இந்த விசாவின் சங்கதி என்னவென்றால், நாட்டுக்குள் இருக்கும் அனுமதி நாட்டோடு கட்டப்பட்டது இல்லை, முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் இருக்கும்வரை நான் இருக்கலாம். அவருக்கு முதுகு வலித்தால் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

டேரில் நல்ல மனுஷர். கிறிஸ்துமஸுக்கு எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்று கேட்டறிந்து தனியாக மீன் சுட்டுப் போட்டவர். ஆனாலும் அவரிடம் வேலை பார்த்த வருஷங்களில் ஒருநாள்கூட அவர் எதிரில் நான் உடம்பு சரியில்லை என்று சொன்னதில்லை. வேலையில் அவர் ஏதாவது குறை சொன்னால் அன்று முழுக்க சோறு இறங்காது. ஊரில் சூப்பர்வைசரோடு சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டவன்தான் நான். அந்த ஆள் எங்கே போனான் என்று ரேவதி அடிக்கடி கேட்பாள். மீனம்பாக்கத்திலேயே இறங்கிக்கொண்டான் போலிருக்கிறது.

வேலன் இங்கேதான் பிறந்தான். அவனுக்கு ஒரு வயது நெருங்கியபோது அறுவடைக் காலம். ஒரு மிஷின் நின்றால் ஒரு குடும்பத்தின் வருஷ உழைப்பு நிற்கும் நேரம். இருந்தும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு லீவு கேட்டேன். காரணம் எழுத வேண்டும். எழுதினேன்: மச்சானின் மடியில் மகனை உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. இங்கிலீஷில் அது எப்படித் தெரிந்ததோ, டேரில் இரண்டு தரம் படித்துவிட்டு, உன் மச்சானுக்கு உடம்பு ஏதும் மோசமா என்று மெதுவாக விசாரித்தார். நல்லாத்தான் இருக்கிறார் என்றேன். அப்படியானால் அறுவடை முடியட்டுமே என்றார். நியாயம்தான். அறுவடை முடிந்தபோது பிள்ளைக்கு இரண்டு நடந்துகொண்டிருந்தது. இரட்டைப்படை ஆகாது.

3

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தணிகாசலம். ரேவதியின் ஒரே தம்பி. திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகைக்காரன். அரக்கோணத்தில் ஒரு பாய் கடையில் ஏசி ரிப்பேர் கற்றுக்கொண்டு, திருத்தணி சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாண மண்டபத்தில் ஏசி நின்றாலும் கூப்பிடும் ஆளாக இருந்தான். என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவான். எங்கள் பக்கத்தில் பாதித் தெலுங்கு வீட்டுக்குள்ளேயே புழங்குவதால் அப்பா நைனா ஆவார், அக்கா புருஷன் பாவா ஆவார்.

அக்காவுக்குப் பிள்ளை பிறந்த சேதி தெரிந்த அன்றைக்கே மலைக்குப் போய்ச் சாமியிடம் சொல்லிவிட்டு வந்தவன் அவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வருவான். மருமகன் முகத்தைப் பார்ப்பதைவிட அவன் தலையைத்தான் அதிகம் பார்ப்பான். திருப்பு, பின்னாடி காட்டு, எவ்வளவு வளர்ந்துகினு இருக்குது பாரு, மலைமேல மாமா மடியிலே உக்காந்துதான் எறக்கணும் என்பான். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த வேலன், மாமா மடி என்பது மலைமேல் போட்டிருக்கும் ஏதோ ஒரு நாற்காலி என்று வெகு நாள் நினைத்திருந்தான். மாமா அதை எந்தக் கடையில் வாங்கினார் என்று ஒருமுறை கேட்டான். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் ரேவதி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வேலனுக்கு மூன்று வயது நடந்தபோது தணிகாசலத்துக்கு ஷார்ஜாவில் ஒரு கம்பெனி ஏசி டெக்னீஷியன் வேலை கொடுத்தது. விசாவும் வந்துவிட்டது. அந்த வருஷம் நாங்கள் வருவதாகச் சொல்லியிருந்தோம். டிக்கெட்டும் பார்த்து வைத்திருந்தேன். அவன் வரவில்லை என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டான். ஏஜென்ட் வாய்க்கு வந்தபடி திட்டினாராம். நானும் திட்டினேன். அவன் கேட்டது ஒன்றுதான். "நான் பூட்டா, புள்ளைய யாரு மடியிலே உக்கார வைப்பீங்க பாவா?"

அந்த வருஷம்தான் டேரில் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு ஒர்க்ஷாப்பை விற்றுவிட்டார். கட்டிடம், கருவி, வாடிக்கையாளர், கடைவாசலில் படுத்திருக்கும் நாய் வரை எல்லாம் புது முதலாளிக்குக் கை மாறியது. நான் மட்டும் மாறவில்லை. புது முதலாளி என்னைப் புதிதாக நியமித்து, உள்ளூரில் ஆள் இல்லை என்று மறுபடி நிரூபித்து, மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமாம். அதே மேஜையில், அதே ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆளுக்கு! முடிவு தெரியும்வரை ஒரு இடைக்கால விசா தந்தார்கள். அதில் நாட்டுக்குள் இருக்கலாம். வெளியே போனால் திரும்பி வர முடியாது. அதற்குத் தனி அனுமதி கேட்கலாம், ஆனால் கேஸ் இந்த நிலையில் இருக்கும்போது கிளறாதீர்கள் என்றார் எங்கள் விசா வக்கீல். பயந்த மாடு மிரண்ட இடத்திலேயே நிற்கும். நாங்களும் நின்றோம். பார்த்து வைத்த டிக்கெட்டை வாங்கவேயில்லை.

மூன்றும் போயிற்று. ஷார்ஜா வேலையும் போயிற்று.

4

அதன் பிறகு முடி வளர்ந்ததே தவிர வேறெதுவும் நகரவில்லை. இந்தத் தடவை நிரந்தர விசாவுக்கே விண்ணப்பம் என்பதால் இங்கிலீஷ் பரீட்சை எழுதினேன். கடல்மட்டம் உயர்வதைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். கியர்பாக்ஸைப் பற்றிக் கேட்டிருந்தால் விடிய விடிய எழுதியிருப்பேன். எப்படியோ தேறினேன். போலீஸ் சான்றிதழ் வாங்கினோம். ஒருமுறை வாங்கியது காலாவதியாகி இன்னொரு முறை வாங்கினோம். ஏதும் தப்பு செய்யாமல் இருப்பதற்கும் ஒரு கெடு உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

வேலன் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் பருவத்தில் வகுப்பு முழுக்கப் பேன் பரவியது. டீச்சர் நாசூக்காக, முடியைக் கொஞ்சம் குறைக்கலாமே என்றார். ரேவதி மறுபடி விளக்கினாள். தணிகாசலம் திருத்தணிக் கடைத்தெருவில் மரத்தில் செய்த பேன்சீப்பு வாங்கி அனுப்பினான். மரச் சாமானில் பூச்சி இருக்கலாம் என்று இங்கே விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். பேனை எடுக்க வந்த சீப்பிலேயே பூச்சியைத் தேடியவர்களை என்ன சொல்வது. ஒரு மாதம் சாயங்காலம் சாயங்காலம் பிள்ளையை மடியில் படுக்க வைத்து ரேவதி கையாலேயே பார்த்தாள். அவள் விரல் முடிக்குள் போகும்போது அவன் அசையாமல் படுத்திருப்பான். தமிழ் அவன் வாயில் குறைந்துகொண்டு வந்த காலம் அது. அந்த ஒரு மாதம் மட்டும் நிறையத் தமிழ் பேசினான்.

மெல்பர்னிலேயே செய்துவிடலாமே என்று பலர் சொன்னார்கள். அங்கே முருகன் கோயில் இருக்கிறது, போயிருக்கிறோம். குருக்களிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் கும்பகோணத்துப் பக்கம். அவரும் என்னைப் போலத்தான், முதலாளி கொடுத்த விசா. அவருக்கு முதலாளி கோயில் கமிட்டி. அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டும், மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று தட்டை வைத்துவிட்டுச் சொன்னார். சாமி எங்கேயும் ஒன்றுதான், ஆனால் நேர்ந்துகொண்ட இடம் வேறு அல்லவா என்றும் சொன்னார்.

தணிகாசலமே ஒருநாள் அங்கேயே முடித்துவிடச் சொன்னான். பையன் கஷ்டப்படுகிறான் என்று அக்கா சொல்லியிருந்தாள். உன் மடிக்கு என்ன செய்வது என்றேன். வீடியோவில் இருக்கேன் பாவா என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து அவனே வேணாம் என்றான்.

அவனுக்கு ஷார்ஜாவிலிருந்து இரண்டாவது முறை வேலை வந்தபோது எங்கள் முடிவு இன்னும் வரவில்லை. இந்தத் தடவை போயே தீர வேண்டிய நிலை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வயதும் தாண்டிக்கொண்டிருந்தது. கிளம்புவதற்கு முன் போன் செய்தான்.

"பாவா, நீங்க வந்துகினே இருக்கீங்க, வந்த பாடு இல்ல. நானும் எத்தினி நாளைக்குத்தான் மடிய வச்சிகினு உக்காந்துகினு இருக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். போய்ட்டு வாடா என்று மட்டும் சொன்னேன்.

அவன் போனது ஆடியில். எங்களுக்கு நிரந்தர விசா வந்தது ஐப்பசியில். ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தபோது போனில் மெயில் வந்தது. கிரீஸ் கையோடு திறந்து படித்தேன். இனி யாரிடமும் கேட்காமல் போகலாம், வரலாம். எழுந்து உட்கார்ந்தபோது மனசில் முதலில் தோன்றியது சந்தோஷம் இல்லை. இப்போது தணிகாசலம் வர முடியாது என்பதுதான் தோன்றியது. அவன் கம்பெனியில் இரண்டு வருஷம் முடிந்தால்தான் லீவு. ஆறு வருஷம் நான் கட்டுண்டு கிடந்த முளையில் இப்போது அவனைக் கட்டியிருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த மாதம்தான் நீச்சல் வகுப்பில் வேலன் சுவரோரமாக நின்றது. ஏழு வயதுவரை காத்திருக்கலாம், அதற்குள் மச்சானும் வந்துவிடுவான் என்று அதுவரை ஒரு எண்ணம் இருந்தது. அன்றோடு அதை விட்டோம். அறுவடை முடிந்தாலும் முடியாவிட்டாலும் மாசிக்கு முன் கிளம்புவது, போகும் வழியில் துபாயில் இறங்கி, பக்கத்திலிருக்கும் ஷார்ஜாவில் தணிகாசலத்தைப் பார்ப்பது என்று முடிவானது. அவனுக்கு வார விடுமுறை ஞாயிறு. ஆகவே ஞாயிறு காலை இறங்கி, சாயங்காலம் சென்னை விமானம் ஏறுவதுபோல் டிக்கெட் போட்டோம். மலையில் முழு மொட்டை. அதற்கு முன் பூமுடி, அதாவது மூன்று கொத்து முடி மட்டும், தாய்மாமன் மடியில் வைத்து அவன் கையால் எடுப்பது. சாஸ்திரம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

5

மேலே உள்ளதை ஆஸ்திரேலியாவில் இருந்தபோது எழுதினேன். இதைத் திருத்தணியில், எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலை மலைக்குப் போகிறோம். நாளைக்கு ரேவதியின் சித்தப்பா மகன் மடியில்தான் வேலன் உட்காருவான். மலை எதிரில் தெரிகிறது. எழுதும்போது நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறேன். இத்தனை வருஷம் ஏங்கியது இந்தக் காட்சிக்குத்தான். ஆனால் மனசு இன்னும் ஷார்ஜாவை விட்டு வரவில்லை.

தணிகாசலம் விமான நிலையத்துக்கே வந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. மெலிந்திருந்தான். ரேவதி அவனைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் பக்கத்தில் டிராலி தள்ளியவர்கள் நின்றுவிட்டார்கள். வேலன் என் காலுக்குப் பின்னால் போய்விட்டான்.

அவன் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப்புக்குள் பெண்களையும் பிள்ளைகளையும் விட மாட்டார்கள். அதனால் அவன் எப்போதும் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில் சொல்லி வைத்திருந்தான். கடைக்காரர் கடப்பாக்காரர். ஞாயிறு கூட்டத்தையும் பார்க்காமல் கடைசி நாற்காலியை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார். வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய ஒரு துணி, மாமன் சீராகப் பட்டுச் சட்டையும் வேட்டியும் எல்லாம் தட்டில் இருந்தன. சட்டையை வேலனுக்குப் போட்டால் தோளோடு நின்றுவிட்டது. பொத்தானும் போட முடியவில்லை.

"போன்ல சின்னதா தெரிஞ்சான் பாவா," என்றான் தணிகாசலம். சட்டையை அவனே கழற்றி மடித்து வைத்தான்.

நாற்காலியில் அவன் உட்கார்ந்து கையை நீட்டினான். வேலன் வரவில்லை. ஞாயிறுதோறும் பார்த்த மாமாதான். ஆனால் உடம்போடு வந்த மாமாவை அவன் அன்றைக்குத்தான் பார்க்கிறான். ரேவதி மிரட்டினாள், நான் சாக்லேட் காட்டினேன். நோ என்றான். தணிகாசலம் எங்கள் இரண்டு பேரையும் சும்மா இருக்கச் சொன்னான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். கடப்பாக்காரரோடு தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டு, எங்களுக்கு டீ வரவழைத்து, யாரையும் எதிர்பார்க்காதவன் போல உட்கார்ந்திருந்தான். அவன் கண் மட்டும் கண்ணாடி வழியாகப் பின்னால் நின்ற பிள்ளையின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் உட்காராமலே போய்விட்டால், இவனுக்கு மூன்று வயதானபோதே இவனுக்காக ஷார்ஜா வேலையை விட்டவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

கடைசியில் அவனை உட்கார வைத்தது சாமியும் இல்லை, நாங்களும் இல்லை. தூக்கம்தான். ராத்திரி முழுக்க விமானத்தில் கண் மூடாத பிள்ளை. நின்றுகொண்டே ஆடினான். அம்மா பக்கம் பார்த்தான், அவள் இரண்டு கையிலும் பை. பிறகு என்ன நினைத்தானோ, நேராகப் போய் மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, அவன் நெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

தணிகாசலம் கொஞ்ச நேரம் அசையவேயில்லை. பிறகு கடப்பாக்காரர் கொடுத்த கத்தரியை வாங்கி, முருகா என்று ஒரு கொத்து, இன்னொன்று, மூன்றாவது. மூன்றையும் மஞ்சள் துணியில் முடிந்து ரேவதியிடம் கொடுத்தான். வேலன் அதற்குள் தூங்கிவிட்டான். வளர்ந்த பிள்ளை, கால் இரண்டும் நாற்காலிக்கு வெளியே தொங்கின.

வேலை முடிந்தது. கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். விமான நிலையத்துக்குக் கிளம்பும் நேரமும் ஆகிவிட்டது. நான் பையனைத் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"காலு மரத்துப்பூட்ச்சி பாவா. இப்ப எழுந்துக்க முடியாது. கொஞ்சம் நேரம் போவட்டும்," என்றான்.

குனிந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றிய அவன் கால் கட்டைவிரல், பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி, தரையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

சரி, போகட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.